வலப்பக்கத்து இதயம்

ஜனவரி 12
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி

ஆராய்ச்சி செய்கிற அம்மாவுக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தாள் தாளாகக் கிழித்தும் பிடிபடவில்லை. கணவருடைய முதல் மனைவியை மரியாதையாகக் கூப்பிட ஒரு சொல் இருக்கிறதா என்ன? அதனால் தொழிலைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டேன்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. நின்றபடியே படித்தார். மேசையில் வைத்தார். பதில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நிற்கிறதாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காதபோதெல்லாம் எங்கேயாவது ஒரு லிஃப்ட் பாதியில் நிற்கும். உங்களுக்குத் தெரியாததா?

மேசையில் கிடந்ததைத்தான் படித்தேன். ஒளித்துப் படிக்கவில்லை.

ஒன்பது வருடமாக ஒரு வரி எழுதாதவர், திடீரென்று அவருடைய கைத்தோலில் ஒரு துணுக்குக் கேட்கிறீர்கள். அவருக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதால் உங்கள் ஆராய்ச்சிக்கு உதவுமாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணமான புதிதில் அவருடைய நெஞ்சில் இடப்பக்கம் காதை வைத்து, ஒன்றும் கேட்காமல் நான் பதறி எழுந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பார். அது எங்கள் இரண்டு பேருடைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் ஒருநாள் அப்படிப் பதறி எழுந்திருப்பீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சுற்றிவளைத்துப் பேசினால் என் பிழைப்பில் வண்டி சுவரில் போய் நிற்கும். அதனால் நேராகவே கேட்கிறேன். கடிதத்தின் கடைசியில், சிறு வயது முதல் இருந்த இருமல் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தோலுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?

பதிலைப் பயிற்சிப் பள்ளிக்கு எழுதுங்கள். ஃபோன் வேண்டாம். குரலைக் கேட்டால் நினைத்ததைச் சொல்ல மாட்டேன்.

கார் கற்றுக்கொடுப்பவள்


ஜனவரி 25
ஆய்வகம்

வணக்கம்.

அவர் பதில் எழுத மாட்டார் என்று தெரிந்துதான் எழுதினேன். நீங்கள் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கரு எள்ளளவுகூட ஆகாத நாட்களிலேயே, அதற்கு எது இடம், எது வலம் என்று முடிவாகிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கருவுற்றிருப்பதே தெரிந்திருக்காது. வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியும் இல்லை. அதனால் வளர்ந்த ஒருவரின் தோல் செல்லை எடுத்து, அதைப் பழைய நிலைக்குத் திருப்புகிறோம். தான் தோல் என்பதையே அது மறந்து, எதுவாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல் ஆகிறது. அப்படிப்பட்ட செல்களைச் சேர்த்து வைத்தால் அவை தாமாகவே கூடி, ஆரம்பக் கருவின் சாயலில் சின்னச் சின்ன உருண்டைகளாகின்றன. சாயல் மட்டும்தான். அவை குழந்தை ஆக முடியாது. குறித்த கட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று எங்களுக்கு விதியும் உண்டு.

இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களின் செல்களில் இந்த இட வல முடிவு எங்கே தடம் மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறோம். அப்படிப்பட்டவர்கள் அரிது. எனக்கு ஒருவரைத் தெரியும். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்துவிட்டு, ஆய்வகத்தின் அனுமதியோடுதான் எழுதினேன்.

இருமலைப் பற்றிக் கேட்டதும் இதற்காகத்தான். அதற்குமேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. செல்களுக்கு விடுமுறை கிடையாது, தினமும் அவற்றின் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். குடும்பம் உள்ளவர்கள் ஞாயிறுகளை என் பெயரில் எழுதிவிடுகிறார்கள். கட்டடத்தில் நானும் காவலாளியும்தான் இருக்கிறோம். அவரும் காதில் பாட்டு மாட்டியிருக்கிறார்.


பிப்ரவரி 4
பயிற்சிப் பள்ளி

அக்கா,

இப்படியே கூப்பிட்டுவிடுகிறேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள்.

தயக்கமாக இருக்கிறது என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். பாதிக் கிணறு தாண்டுகிற பழக்கம் உங்கள் படிப்பில் உண்டா? கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பாதிச் சாலையில் பயந்து நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கிற நான்தான் வண்டியை எடுத்தாக வேண்டும். எடுக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதை வீட்டில் சொன்னால், அப்புறம் ஏன் தங்கவில்லை என்று அத்தை கேட்கிறார். போன வாரம் என் வீட்டுக்காரருடைய தங்கையின் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தோம். குழந்தை கை மாறிக் கை மாறி வந்தது. என் முறை வந்தபோது அத்தை குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "நீங்களும் ஒரு தடவ போய்ப் பாத்துக்கலாமே?"

"எனக்கென்ன குறை?" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டினார். இருமினார். அந்த இருமலைக் கேட்டபோதுதான் உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது.

நீங்கள் படிப்புப் பைத்தியம் பிடித்து வீட்டைவிட்டுப் போனவர் என்று அத்தை சொல்வார். உண்மையா? உங்களுக்கும் தங்காமல்தான் போனதா? உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஊமை கண்ட கனவு மாதிரி உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே என்னோடு பேச யாருமில்லை அக்கா. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறேன், ஆனால் எல்லாம் கிளட்சைப் பற்றித்தான்.


பிப்ரவரி 20
ஆய்வகம்

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா என்று கூப்பிடுங்கள். என்னை அப்படிக் கூப்பிட வேறு யாருமில்லை.

முதலில் ஒன்று. நான் மருத்துவர் இல்லை. அவரைப் பரிசோதிக்கவும் இல்லை. கீழே எழுதுவது ஒரு சந்தேகம்தான், தீர்ப்பல்ல. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே நம்புங்கள்.

கருவின் ஆரம்பத்தில் ஒரு சிறு குழி தோன்றுகிறது. அதன் தரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சுழன்று, அங்கேயுள்ள நீரை இடப்பக்கமாகத் தள்ளுகின்றன. அந்த ஓட்டத்தை வைத்துத்தான் உடம்பு தன் இடப்பக்கத்தைத் தெரிந்துகொள்கிறது. சிலருக்கு அந்த மயிர்கள் பிறவியிலேயே அசையாது. அப்போது இதயம் இடமா வலமா என்பது பூவா தலையா போட்ட மாதிரிதான். அதே வகை மயிர்கள்தான் நம் மூச்சுக்குழாயிலும் சளியைக் கூட்டி வெளியே தள்ளுகின்றன. அவை அசையாவிட்டால் பிறந்ததிலிருந்தே இருமல். விந்தணுவின் வாலும் ஏறக்குறைய அதே அமைப்புதான். அது அசையாவிட்டால் நீந்த முடியாது.

இதயம், இருமல், குழந்தை. மூன்றையும் தனித்தனியாகவே நினைத்துக்கொண்டு நான் அந்த வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன். பிறகு இந்த வேலைக்கு வந்து, ஒருநாள் மதியம் ஒரு கட்டுரையில் மூன்றும் ஒரே பத்தியில் வரக் கண்டேன். அன்று சாப்பிடப் போகவில்லை.

இதயம் வலப்பக்கம் உள்ள எல்லோருக்கும் இப்படி இருக்காது. அவருக்கு இருக்கலாம். இருந்தாலும் வழி அடைபடவில்லை. நீந்தாத விந்தணு உயிரோடு இருந்தால், அதை எடுத்து மருத்துவர்களே சினைமுட்டைக்குள் சேர்த்துவிடுகிறார்கள். நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வழி உண்டு.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டைவிட்டுப் போகவில்லை. அத்தை என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார். அவர் அப்போது எங்கேயோ பாதியில் நின்ற லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார்.

அவரிடம் நல்ல நேரமாகப் பார்த்து, தனியாகச் சொல்லுங்கள்.


ஏப்ரல் 30
பயிற்சிப் பள்ளி

நல்ல நேரம் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள். நல்ல நேரத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். எனக்கு அது வாய்க்கவில்லை.

போன சனிக்கிழமை அவருடைய தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை யாரையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாவதா கட்டியும் இதே கதிதான்னா, நம்ம வீட்டு ராசி அப்படி."

அவ்வளவுதான். மூடி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. இதயம், இருமல், அது, இது எல்லாவற்றையும் மாப்பிள்ளை இருக்கிறார் என்றுகூடப் பாராமல் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"யார் சொன்னது?"

"முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க."

கையைக் கழுவினார், ஷூவை மாட்டினார், போனார். இப்போது கம்பெனி கிடங்கில் கேபிள் சுருள்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கிறாராம். அவருடைய உதவியாள்தான் வந்து துணி வாங்கிக்கொண்டு போனார். அத்தை என்னோடு பேசுவதில்லை. அந்த வீட்டில் இப்போது பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

நீங்கள் நல்லவர்தான் அக்கா. ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரு துணுக்குத் தோல். அதற்குத் தூண்டில் போட்டீர்கள். எனக்குப் போனது புருஷன். நீங்கள் எழுதாமலே இருந்திருந்தால், குழந்தையில்லாத வீடாகவாவது அது இருந்திருக்கும்.

இனி எழுத வேண்டாம்.


மே 11
ஆய்வகம்

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று பலமுறை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். விட்டிருந்தால், உங்கள் பெட்டியும் ஒருநாள் வாசலுக்கு வந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடவில்லை. என் பெட்டியை வெளியே தூக்கி வைத்த கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தோல் வேண்டாம். அந்த இடத்தில் வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை கடையில் மீதிச் சில்லறை கொடுத்த பெண்ணிடம் நன்றி சொன்னேன். குரல் கரகரத்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறக்கிறேன் என்று தெரிந்தது. உங்கள் கடிதங்களுக்குப் பதில் யோசிக்கும்போது மனதுக்குள்ளாவது பேசிக்கொண்டிருந்தேன்.

நன்றாக இருங்கள்.


ஜூன் 18
ஆய்வகம்

மன்னிக்க வேண்டும், மறுபடி எழுதுகிறேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

அவர் இங்கே வந்தார். நேற்று மதியம், சொல்லாமல் கொள்ளாமல். வரவேற்பிலிருந்து கூப்பிட்டு, லிஃப்ட்காரர் ஒருவர் உங்களைக் கேட்கிறார் என்றார்கள். நான் பழுது பார்க்க வந்தவர் என்றே நினைத்து இறங்கிப் போனேன். தலை நரைத்திருந்தது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோல் கேட்டிருந்தியே" என்றார்.

பக்கத்திலுள்ள மருத்துவமனையில் மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் வாங்கி, முழங்கைக்கு மேலே ஒரு துணுக்கு எடுத்தார். அதே மருத்துவரிடம் மூச்சு, விந்தணு இரண்டுக்கும் பரிசோதனைக்கு நாள் கேட்டார். நான் சொல்லிக் கேட்கவில்லை, அவராகவே கேட்டார்.

பிறகு ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வேறொருவருடைய செல்களிலிருந்து வளர்ந்த உருண்டைகள் இருந்தன, காட்டினேன். நுண்ணோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. இருமல் வந்ததும் சட்டென்று விலகி, தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய் அங்கே நின்று இருமினார். அவற்றின் மேல் பட்டுவிடக் கூடாதாம். திரும்பி வந்து, இது உயிரா என்று கேட்டார். செல் எல்லாமே உயிர்தான், ஆனால் இது குழந்தை இல்லை என்றேன்.

அடுத்து அவர் கேட்டதை எழுதாமல் விடலாம். விட்டால் அது உங்களுக்கும் எனக்கும் நடுவே கிடக்கும்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா நீ இருந்திருப்பியா?"

"தெரிய வேண்டாம். நீங்க டெஸ்டுக்கு வந்திருந்தாலே இருந்திருப்பேன்."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேசினோம்.

போகும்போது எங்கள் லிஃப்டின் கதவு வழக்கம்போல இரண்டு முறை முட்டி முட்டித் திறந்தது. பையைத் திறந்து, மண்டியிட்டு, எதையோ முடுக்கிச் சரிசெய்துவிட்டுப் படி வழியே இறங்கிப் போனார். நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து முட்டிக்கொண்டிருந்த கதவு, இப்போது சத்தமில்லாமல் மூடுகிறது.

அவர் உங்களிடம் திரும்பி வருவார் என்று நினைக்கிறேன்.


ஜூலை 9
பயிற்சிப் பள்ளி

அக்கா,

வந்துவிட்டார். பரிசோதனை முடிவோடுதான் வந்தார். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று மருத்துவர் சொன்னாராம்.

நான் தூண்டில் அது இது என்று எழுதியதை மறந்துவிடுங்கள். மறக்க முடியாவிட்டால் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

வந்த அன்று அவர் உட்காரக்கூட இல்லை. ஷூவைக் கழற்றாமல் அத்தை முன்னால் போய் நின்றார்.

"அம்மா, குறை என்னோடது. இவளோடது இல்ல. இதுக்கு முன்னாடி இருந்தவளோடதும் இல்ல."

அத்தை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் என் டம்ளரில் காபி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக் குடித்தேன்.

நீங்கள் சொன்ன அந்த வழியை முயன்று பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் தொடங்குகிறது. பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். அவர் உங்களிடம் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் நான் இருப்பேனா போவேனா என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியுமோ, இல்லை, கேட்கத் தோன்றவில்லையோ.

உங்களுக்கு என் மேல் வருத்தமா? உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது எனக்குக் கிடைக்கப் போகிறதே என்று?


ஜூலை 28
ஆய்வகம்

அன்புள்ள தங்கைக்கு,

உண்டு.

இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கலாம். உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் வருத்தம் உண்டு. நீங்கள் மொட்டைமாடிக்குப் போனீர்கள். நான் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு, செல்கள் இருக்கும் கதகதப்பான பெட்டியின் முன் போய் நின்றேன். குறை என்னுடையது என்று அவர் எனக்காக ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒன்பது வருடம் கழித்து, வேறொருத்திக்காகச் சொல்லும்போது, கூடவே எனக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த வழி அப்போதும் இருந்தது. நாங்கள் குடியிருந்த அதே ஊரில், பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில்.

அவருடைய செல்கள் நன்றாக வளர்கின்றன. ஸ்டெம் செல்லாக மாறியவற்றிலிருந்து உருண்டைகள் உருவாகத் தொடங்கிவிட்டன. வேறொரு தட்டில் அவற்றையே மூச்சுக்குழாய்ச் செல்களாக வளர்த்துப் பார்த்தோம். நுண்மயிர்கள் முளைத்தன, ஆனால் அசையவில்லை. காற்றில்லாத நாளில் புல் நிற்பது போல நின்றன. என் ஐந்து வருடத்துக்குக் காரணம் அந்தக் கண்ணாடித் தட்டில் இருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊட்டத் திரவத்தை மாற்றிவிட்டு மூடி வைத்தேன்.

ஒரு வேண்டுகோள். சிகிச்சை பலித்தால் எனக்கு எழுத வேண்டாம். பலிக்காவிட்டாலும் எழுத வேண்டாம். இரண்டில் எதைத் தாங்க மாட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்கள் மாணவர்கள் எந்தச் சுவரில் மோதினார்கள் என்று எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.


அடுத்த ஆண்டு, அக்டோபர் 6
வீட்டிலிருந்து

அக்கா,

நாலைந்து மாதமாக எழுதவில்லை. கோபித்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். நேரமில்லை.

நீங்கள் கேட்டபடி வேறு விஷயமாகவே எழுதுகிறேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வாரே ஒரு பல் மருத்துவர், அவருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சாலையில் போகிறவர்களை ஆண்டவன் காப்பாற்றட்டும். நான் இப்போது பள்ளிக்குப் போவதில்லை, விடுப்பில் இருக்கிறேன். அவருக்கு மூச்சுக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள், இருமல் முன்னைக்கு இப்போது குறைவு. எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்றால்கூட, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஃபோனில் சொல்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி. மழை விட்டபாடில்லை.

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாள் நகராமல் பிடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு ஒரு கைதான் காலியாக இருக்கிறது.


அக்டோபர் 13
ஆய்வகம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தேன். மழையைப் பற்றி எழுதிய வரியில் பேனா திடீரென்று மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. யாரோ உங்கள் கையைத் தட்டியிருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு செல்களைப் பார்த்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன்.

எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது நானே கேட்கிறேன். இன்னொரு கையில் இருப்பது யார்? இதயம் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டாம், அதை நான் கேட்கவில்லை. எப்படி அழுகிறது, யாரைப் பார்த்து நிறுத்துகிறது, தூக்கத்தில் கையை எப்படி வைத்துக்கொள்கிறது என்று எழுதுங்கள்.

ஒரு கையாலேயே எழுதுங்கள். என்னால் படிக்க முடியும்.

அக்கா